ஆக்சிமீட்டரில் 98, ஆனாலும் மூச்சுத் திணறல்: கள்ளக்குறிச்சி சொல்லும் ஆக்சிஜன் கதை

இந்த எபிசோடுக்கு முன்னாடி ஒரு சின்ன எச்சரிக்கை. 2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சியில் நடந்த விஷச்சாராய மரணங்களைப் பற்றி இதில் பேசப்போறோம். கேட்கக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சா, இதைத் தாண்டிப் போயிடுங்க, பரவாயில்லை.

முதல்ல ஒரு கேள்வி. ஒருத்தர் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டியிருக்கு. அதில் 98 காட்டுது. நுரையீரல் சரியாக இருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது. ஆனாலும் அவர் உடம்பிலுள்ள செல்கள் ஆக்சிஜன் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கின்றன. இப்படி நடக்க முடியுமா?

முடியும். கள்ளக்குறிச்சி நகரத்தில் கருணாபுரம் என்ற பகுதியில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்தவர்களின் உடம்புக்குள் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். 65-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். பெண்களும் இருந்தார்கள்.

அந்தச் செய்தி வந்தப்போ நாம எல்லோரும் அரசியல் பேசினோம், மதுவிலக்கு பேசினோம். உடம்புக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பெரிசா யாரும் பேசலை. அது தெரிஞ்சா, அடுத்த முறை ஒரு உயிராவது மிஞ்சும். அதுக்காகத்தான் இந்த எபிசோடு.

மூச்சை அடக்கினால் கத்துவது யார்?

இப்போ ஒரு சின்ன பரிசோதனை. வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தா வேண்டாம், வீட்டுல உட்கார்ந்திருந்தா செய்யுங்க. மூச்சை அடக்குங்க. முப்பது, நாற்பது நொடியில் நெஞ்சு முட்டும், "விடு, விடு"ன்னு உடம்பு கத்தும். அந்த நேரத்தில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தால், நம்பர் பெரிசா இறங்கியிருக்காது. அப்போ கத்துவது யார்?

கார்பன் டை ஆக்சைடுதான். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளம், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதையும் அதனால் அமிலத்தன்மை கூடுவதையும் நொடிக்கு நொடி கவனிக்கிறது. நம்முடைய மூச்சின் வேகத்தை நாள் முழுக்கத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான், ஆக்சிஜன் அளவு இல்லை.

அப்போ ஆக்சிஜனை யாருமே பார்ப்பதில்லையா? பார்க்கிறார்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவுக்கு ஒரு உறுப்பு இருக்கிறது. கரோட்டிட் பாடி என்று பெயர். ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்தால், இது சில நொடிகளில் மூளைக்குத் தகவல் அனுப்பி மூச்சை வேகப்படுத்தும். மூச்சைக் கட்டுப்படுத்துவதில் இதற்கு இருக்கும் பங்கைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானி கார்னெய் ஹைமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த உறுப்பிடம் ஒரு குணம் உண்டு. ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தால் பெரிசா கண்டுக்காது. ஆக்சிமீட்டர் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 90-க்குக் கீழே போகும்போதுதான் வேகமாகக் கத்த ஆரம்பிக்கும். கொரோனா காலத்தில் சிலர் 80 காட்டும்போதும் போன் பேசிக்கிட்டு சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்கள், ஞாபகம் இருக்கா? அதற்கு ஒரு காரணம், அவர்கள் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு ஏறாமல் இருந்தது. முக்கியமான அலாரம் அடிக்கவில்லை.

மலை ஏறினால் என்ன ஆகும்?

சென்னையிலிருந்து சேலம் போகும்போது உளுந்தூர்பேட்டையில் திரும்பி, தியாகதுருகம் தாண்டினால் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து பார்த்தால் நீளமாக ஒரு மலைத்தொடர் தெரியும். அதுதான் கல்வராயன் மலை. மலையாளி என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். வெள்ளிமலை பக்கம் எல்லாம் சுமார் 2000 முதல் 3000 அடி உயரம்.

உயரம் போகப் போக காற்றில் ஆக்சிஜனின் சதவீதம் குறைவதில்லை. எங்கே போனாலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 100 என்று வைத்துக்கொண்டால், 3000 அடியில் சுமார் 90, ஊட்டியில் சுமார் 77, லடாக்கின் லே நகரத்தில் சுமார் 65. கல்வராயனுக்குப் பைக்கில் போகிறவர்களுக்கு மூச்சு வாங்குவது அந்தக் கொண்டை ஊசி வளைவுகளால்தான், ஆக்சிஜன் குறைவால் இல்லை. லேயில் இறங்கினால் கதை வேறு. முதல் நாள் கரோட்டிட் பாடி மூச்சை வேகப்படுத்தும். அதற்குப் பிறகு இன்னொரு அமைப்பு மெதுவாக வேலையைத் தொடங்கும்.

அந்த இரண்டாவது அமைப்புக்கும் நோபல் கிடைத்தது, 2019-இல். கிரெக் செமென்ஸா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் என்ற மூன்று பேர். அவர்கள் கண்டுபிடித்ததைச் சுருக்கமாகச் சொல்றேன். நம் உடம்பின் செல்கள் ஹிஃப் என்ற ஒரு புரதத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. ஆக்சிஜன் இருந்தால், ஒரு என்சைம் அந்த ஆக்சிஜனையே பயன்படுத்தி ஹிஃப் மேல் ஒரு முத்திரை குத்தும். முத்திரை விழுந்த ஹிஃப் சில நிமிடங்களில் அழிக்கப்பட்டுவிடும். ஆக்சிஜன் குறைந்தால் முத்திரை விழாது. ஹிஃப் சேர்ந்துகொண்டே போகும், செல்லின் மையத்துக்குள் போய் பல ஜீன்களை இயக்கும். சிறுநீரகத்திலிருந்து எரித்ரோபாய்டின் சுரக்கும், சிவப்பணுக்கள் கூடும், புது ரத்தக்குழாய்கள் வளரும், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிக்கும் வழி வேகமாகும்.

செய்வதும் உடனே அழிப்பதும் வீண் வேலை மாதிரித் தெரியுது, இல்லையா? ஆனால் ஆபத்து வரும்போது புதிதாகத் தயாரிக்கத் தொடங்க வேண்டியதில்லை, அழிப்பதை நிறுத்தினாலே போதும். நிமிடங்களில் தயார்.

ஆக, ஒன்று நொடிகளில் வேலை செய்வது, இன்னொன்று மணிக்கணக்கில், நாள்கணக்கில் வேலை செய்வது. கேட்கும்போது பக்காவான ஏற்பாடு என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது.

ஆக்சிஜன் வந்தது, பயன்பட்டதா?

ஹிஃப் அமைப்பு பார்ப்பது ஆக்சிஜன் இருக்கிறதா என்பதைத்தான். ஆக்சிமீட்டரும் அப்படியே. அந்த ஆக்சிஜனைச் செல் உண்மையிலேயே பயன்படுத்துகிறதா என்று நேரடியாக அளந்து அலாரம் அடிக்க, உடம்பு முழுக்கப் பொதுவான ஒரு ஏற்பாடு இல்லை.

என்னை மாதிரி சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். சர்வரைக் கேட்டால் "நான் நல்லா இருக்கேன்" என்று பதில் வரும், டாஷ்போர்டு முழுக்கப் பச்சையாக இருக்கும், ஆனால் உள்ளே ஒரு ஆர்டர்கூட நகர்ந்திருக்காது. ஏனென்றால் நாம் அளந்தது சர்வர் உயிரோடு இருக்கிறதா என்பதை, வேலை நடக்கிறதா என்பதை இல்லை.

செல்லில் வேலை நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அதில் பெரும்பகுதி, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற ஒரே ஒரு என்சைமிடம்தான் போய்ச் சேர்கிறது. நாம் இழுக்கும் மூச்சின் கடைசி ஸ்டாப் அதுதான். அதை அடைத்துவிட்டால், முன்னால் நுரையீரல், இதயம், ஹீமோகுளோபின் எல்லாம் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பிரயோஜனம் இல்லை.

இதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், சேலம் வட்டாரமே மரவள்ளிக்கிழங்குக்கும் ஜவ்வரிசிக்கும் பேர் போனது. கல்வராயன் மலையிலும் மரவள்ளி போடுகிறார்கள். மரவள்ளி இலையை ஆடு அதிகமாக மேய்ந்தால் கொஞ்ச நேரத்தில் துடிதுடித்து விழும் என்று அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். காரணம், இலையிலும் கிழங்கின் தோலிலும் இருக்கும் ஒரு பொருள் வயிற்றில் உடைந்து சயனைடு ஆகிறது. சயனைடு அடைப்பது அதே சைட்டோகுரோம் ஆக்சிடேஸைத்தான். அப்படிப் பாதிக்கப்பட்ட ஆட்டின் ரத்தம் கறுக்காமல் நல்ல சிவப்பாகவே இருக்கும். ஏன்னா, ஆக்சிஜன் ரத்தத்திலேயே தங்கிவிட்டது, செல் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. கிழங்கைத் தோல் சீவி, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடும் நம் வழக்கம், இந்த விஷத்தை வெளியேற்றும் வழிதான்.

சயனைடு நிமிடங்களில் செய்யும் வேலையை மெத்தனால் ஒரு நாள் எடுத்துக்கொண்டு செய்கிறது.

மெத்தனாலின் அந்த ஒரு நாள்

மெத்தனாலைக் குடித்தால் முதலில் சாதாரணச் சாராயம் மாதிரி லேசான போதைதான் வரும். மெத்தனால் அப்படியே இருக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. பிரச்சினை, நம் கல்லீரல் அதை உடைக்க ஆரம்பிக்கும்போது. வழக்கமான மதுவை, அதாவது எத்தனாலை, உடைக்கும் அதே என்சைம் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடு ஆக்கும். அது உடனே ஃபார்மிக் அமிலம் ஆகும். முசுறு எறும்பு கடித்தால் எரியுமே, அந்த எரிச்சலுக்குக் காரணமான அமிலம். இதை வெளியேற்ற மனித உடம்புக்கு ஃபோலேட் சத்து வேண்டும். அப்போதும் அந்த வழி ரொம்ப மெதுவானது. அமிலம் சேர்ந்துகொண்டே போகும். போதுமான அளவு சேர்ந்ததும் அது போய் அடைப்பது, நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே சைட்டோகுரோம் ஆக்சிடேஸை.

இதற்கு 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம். கூடவே வழக்கமான மதுவும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். ராத்திரி குடித்தவர் காலையில் எழுந்து "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வார். அது உண்மைதான், அந்த நிமிடத்துக்கு மட்டும்.

பிறகு வயிற்று வலி, வாந்தி, தலைவலி. அடுத்து கண். பார்வை மங்கும், எல்லாம் வெள்ளையாக, பனிமூட்டத்துக்குள் நிற்பது மாதிரித் தெரியும். ஏன் கண்? விழித்திரைக்கும் பார்வை நரம்புக்கும் ஆற்றல் தேவை மிக அதிகம். மின்சாரம் குறைந்தால் முதலில் நிற்பது பெரிய மோட்டார்தானே. மருத்துவப் புத்தகங்களின் கணக்குப்படி சுமார் 10 மில்லிலிட்டர் தூய மெத்தனால் பார்வையைப் பறித்துவிடலாம். சுமார் 30 மில்லிலிட்டர் உயிரையே எடுத்துவிடலாம்.

இப்போது சென்சார்களுக்கு வருவோம். பாதிக்கப்பட்டவர் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குவார். ஆக்சிஜன் குறைந்ததால் இல்லை. ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, முகுளமும் கரோட்டிட் பாடியும் அந்த அமிலத்தைப் பார்த்துக் கத்துகின்றன. மூச்சு வேகமாவதால் நுரையீரலுக்கு இன்னும் நிறைய காற்று போகும், ஆக்சிமீட்டர் 98, 99 என்று காட்டும். பார்க்கிறவர்களுக்கு "பயத்துல மூச்சு வாங்குது, ஆக்சிஜன் எல்லாம் நார்மல்தான்" என்று தோன்றிவிடும்.

ஹிஃப் என்ன ஆகும்? இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம். ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில், ஆக்சிஜன் குறைவாக இருக்கும்போதே மைட்டோகாண்ட்ரியாவையும் அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். செல் ஆக்சிஜனைச் செலவழிக்காததால், அது உள்ளேயே மிஞ்சுகிறது. மிஞ்சிய ஆக்சிஜன் அந்த முத்திரை குத்தும் என்சைமுக்குப் போகிறது. ஹிஃப் அழிக்கப்படுகிறது. அதாவது செல் ஆற்றல் இல்லாமல் தவிக்கும்போது, ஆக்சிஜன் அலாரம் இன்னும் அமைதியாகிறது. உடம்பின் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது.

கருணாபுரத்தில் போன நேரம்

ஜூன் 18, 19 தேதிகளில் கருணாபுரத்தில் ஒவ்வொருவராக வயிற்று வலி, வாந்தி, கண் தெரியவில்லை என்று மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். முதல் மரணங்கள் நடந்தபோது, கள்ளச்சாராயம்தான் காரணம் என்பதை மாவட்ட நிர்வாகம் மறுத்தது. வேறு உடல்நலக் காரணங்கள் சொல்லப்பட்டன. அன்றைக்கே எண்ணிக்கை ஏறியது, மெத்தனால் என்பது உறுதியானது, ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்.

இதில் யார் தப்பு என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. நான் சொல்ல வருவது நேரத்தைப் பற்றி. மெத்தனால் விஷத்தில் அறிகுறி வராத அந்த 12, 24 மணி நேரம்தான் வைத்தியத்துக்குக் கிடைக்கும் பொன்னான நேரம். உடம்பு தானாக எச்சரிக்காது என்று பார்த்தோம். அப்போ எச்சரிக்கை வெளியிலிருந்துதான் வர வேண்டும். முதல் நோயாளி வந்ததுமே "நேத்து அந்தப் பாக்கெட்டைக் குடிச்ச எல்லாரும், நல்லா இருந்தாலும், இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று ஒரு குரல் தெருத்தெருவாகப் போக வேண்டும். அந்தக் குரல் ஒரு மணி நேரம் தாமதமானாலும், அந்த ஒரு மணி நேரம் முழுக்க யாரோ சிலர் கல்லீரலில் அமிலம் தயாராகிக்கொண்டிருக்கிறது.

இது புதுசும் இல்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனாலால் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரே வருடத்தில் மறுபடியும்.

வைத்தியம் இருக்கிறது

நல்ல செய்தியும் உண்டு. சீக்கிரம் போனால் காப்பாற்ற முடியும். கல்லீரல் என்சைமுக்கு மெத்தனாலைவிட எத்தனால் மேல்தான் ஈர்ப்பு அதிகம். அதனால் மருத்துவமனையில் ஃபோமெபிசோல் என்ற மருந்தையோ, அளந்து எத்தனாலையோ கொடுத்து அந்த என்சைமை அடைத்துவிடுவார்கள். மெத்தனால் அமிலமாக மாறாமல் அப்படியே நிற்கும். டயாலிசிஸ் செய்து மெத்தனாலையும் ஏற்கனவே உருவான அமிலத்தையும் வெளியே எடுப்பார்கள். பைகார்பனேட் கொடுத்து ரத்தத்தின் அமிலத்தன்மையைக் குறைப்பார்கள். ஃபோலினிக் அமிலம் கொடுத்து உடம்பின் வெளியேற்றும் வழியை வேகப்படுத்துவார்கள்.

தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டு "அப்போ டாஸ்மாக் சரக்கு கொடுத்தா சரியாயிடும்" என்று யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். அளவு தப்பும், அறிகுறி தள்ளிப்போகும், மருத்துவமனைக்குப் போவது தாமதமாகும். மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் இந்த என்சைமை நிறுத்தாது.

மூன்று விஷயம் மட்டும் ஞாபகம் வைங்க. ஒன்று, ஒரே இடத்தில் வாங்கிக் குடித்தவர்களில் ஒருவருக்குக் கண் மங்கினாலோ வாந்தி வந்தாலோ, மற்றவர்களும் நன்றாக இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். 108-க்குப் போன் செய்யுங்கள். இரண்டு, ஆக்சிமீட்டர் நம்பரைப் பார்த்துச் சமாதானம் ஆகாதீர்கள். மூன்று, மருத்துவரிடம் "நேத்து ராத்திரி சாராயம் குடிச்சார்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கேஸ் ஆகிவிடும், மானம் போய்விடும் என்று மறைத்தால், டாக்டர் வயிற்றுப்போக்குக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மலைமேல் விழுந்த பழி

கடைசியாக ஒன்று. கள்ளக்குறிச்சி என்றாலே, கல்வராயன் மலை என்றாலே, "ஓ, சாராயம் காய்ச்சுற ஊர்" என்று நம் ஊர்களில் சொல்கிறோம். மலையில் ஊறல் போடுவதும் போலீஸ் ரெய்டு போவதும் உண்மைதான். வெல்லம், கடுக்காய், வேலம்பட்டை போட்டு ஊற வைத்துக் காய்ச்சுவார்கள். அது சட்டவிரோதம், உடம்புக்கும் கேடு. ஆனால் வெல்ல ஊறலிலிருந்து இத்தனை பேரைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் வராது. அது பெயின்ட், கரைப்பான், கெமிக்கல் தொழில்களுக்காகத் தொழிற்சாலையில் தயாராகும் பொருள். டிரம்மில் வருவது. கருணாபுரமும் மலைமேல் இல்லை. மாவட்டத் தலைநகரத்துக்குள், நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்களுக்குச் சாலை இருக்கிறதா, பள்ளி இருக்கிறதா, மருத்துவ வசதி இருக்கிறதா என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக் கேட்க ஆரம்பித்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019-இல். அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. காகிதத்தில் எல்லா வசதியும் வந்துவிட்டது. வந்தது கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. உடம்பிலும் நாம் இவ்வளவு நேரம் கேட்டது அதே கேள்விதான்.

இந்த எபிசோடில் ஒரே ஒரு பகுதியை மட்டும் அனுப்புவதாக இருந்தால், அந்த மூன்று விஷயத்தை அனுப்புங்க. உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். உங்க அபார்ட்மென்ட் கட்டுற இடத்தில் சாரம் ஏறுகிறவருக்கு, லோடு இறக்குகிறவருக்குத் தேவைப்படலாம். அவர்கிட்ட போய் நம்ம பேசுற மாதிரி, நம்ம பாஷையிலேயே சொல்லுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.